தொடர்பில்லாத வேலைகள் என்று சொல்லப்படுபவை அடுத்த தொழிலுக்கு எதைக் கொடுத்தனுப்புகின்றன?

நெடுவரி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். ஓர் அச்சகத்தில் நான்கு ஆண்டுகள் புரூப் பார்த்தேன், அதாவது அச்சிடுவதற்கு முன் எடுக்கும் படியைப் படித்துப் பிழை திருத்தினேன். அந்த அச்சகம் மூடப்பட்ட பிறகு, வாடிக்கையாளர்களின் புகார்களைத் தொலைபேசியில் கேட்டுப் பதிவு செய்யும் வேலையில் இரண்டு ஆண்டுகள் இருந்தேன். இப்போது மென்பொருள் சோதனைப் பணிக்கு மாற விரும்பி, அதற்கான அடிப்படைப் பயிற்சியை முடித்திருக்கிறேன். சென்ற வாரம் ஒரு நேர்முகத் தேர்வில் என் விண்ணப்பத்தைப் புரட்டிப் பார்த்த அதிகாரி, "ஆறு ஆண்டு அனுபவம் இருக்கிறது, ஆனால் எதுவும் இந்த வேலைக்குத் தொடர்பில்லாதது" என்றார். அவர் கடுமையாகப் பேசவில்லை. நானும் மறுத்துச் சொல்லத் தெரியாமல் தலையசைத்துவிட்டு வந்துவிட்டேன். வீடு திரும்பிய பிறகுதான் அந்தத் தலையசைப்பு மனத்தை உறுத்தத் தொடங்கியது.

என் கேள்வி இதுதான். முன்பு செய்த வேலைகளில் கற்றது உண்மையிலேயே புதிய தொழிலுக்குள் வந்து சேர்கிறதா, அல்லது கழிந்துபோன ஆண்டுகள் வீணாகவில்லை என்று நமக்கு நாமே சொல்லிக்கொள்ளும் ஆறுதல்தானா? தொழில் மாறியவர்கள் தங்களுக்கு நேர்ந்ததை உள்ளபடி எழுதினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

களஞ்சியம் எழுதியது:

சகோதரி, நான் இப்போது அறுவை அரங்கில் செவிலியராக இருக்கிறேன். செவிலியர் படிப்பில் சேர்வதற்கு முன்பு மூன்று ஆண்டுகள் ஒரு பெரிய சரக்குக் கிடங்கில் இருப்பு எடுக்கும் வேலை செய்தேன். பெட்டிகளை எண்ணுவதற்கும் அறுவைச் சிகிச்சைக்கும் என்ன உறவு என்று என் சொந்தக்காரர்களே கேட்டிருக்கிறார்கள்.

கிடங்கில் எங்களுக்கு முதலில் கற்றுக்கொடுத்தது, பதிவேட்டில் இருக்கும் எண்ணைப் பார்க்காமல் எண்ண வேண்டும் என்பதுதான். இருக்க வேண்டியது நாற்பது என்று தெரிந்துகொண்டு எண்ணத் தொடங்கினால், முப்பத்தொன்பது இருந்தாலும் கண் எப்படியாவது நாற்பதாக்கிவிடும். ஆகவே இருவர் தனித்தனியே எண்ணுவோம். ஒருவர் எண்ணியதை மற்றவரிடம் சொல்லமாட்டோம். இரண்டும் பொருந்தாவிட்டால் விட்டுப்போன ஒன்றைத் தேடாமல், முதலிலிருந்து மறுபடியும் எண்ணுவோம்.

அறுவை அரங்கில் பஞ்சுத் துணிகளையும் ஊசிகளையும் கருவிகளையும் தொடக்கத்திலும், உடலை மூடுவதற்கு முன்பும் எண்ணுகிறோம். உலகச் சுகாதார நிறுவனம் 2008-இல் வெளியிட்ட அறுவைப் பாதுகாப்புச் சரிபார்ப்புப் பட்டியலிலும் இந்த எண்ணிக்கை ஒரு தனி வரியாக இடம்பெற்றிருக்கிறது. என்னோடு பயிற்சிக்கு வந்தவர்கள் எல்லோரும் எண்ணும் முறையைக் கற்றுக்கொண்டார்கள். ஆனால் நீண்டதொரு சிகிச்சையின் முடிவில், களைத்துப்போன மருத்துவர் "எண்ணிக்கை சரிதானே?" என்று கேட்கும்போது, எண்ணி முடிக்காமல் "சரிதான்" என்று சொல்லிவிடத் தூண்டும் அந்த ஒரு நொடி இருக்கிறதே, அதை எனக்குக் கிடங்கில் ஏற்கெனவே தெரியும். சரக்கு வண்டி வாசலில் நிற்க, மேற்பார்வையாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்க, "இன்னும் எண்ணி முடிக்கவில்லை" என்று சொல்லிப் பழகிய நாக்கு என்னுடையது. கிடங்கு எனக்குத் தந்ததில் எண்ணும் திறமையைவிட இந்தப் பழக்கத்தையே நான் பெரிதாக மதிக்கிறேன்.

ஆய்வுப்பார்வை எழுதியது:

களஞ்சியம் அவர்கள் எழுதியது மனத்தைத் தொட்டது. ஆயினும் கேள்வி கேட்டவர் ஆறுதல் வேண்டாம் என்று தெளிவாகச் சொல்லியிருப்பதால், நான் பயிற்றுவிக்கும் கல்வி உளவியல் துறையில் இதைப் பற்றி அறியப்பட்டிருப்பதைச் சொல்வது என் கடமை.

ஒரு துறையில் பெற்ற பயிற்சி மனத்தையே பொதுவாகக் கூர்மையாக்கி, எல்லாத் துறைகளிலும் உதவும் என்ற நம்பிக்கை பழமையானது. 1901-இல் எட்வர்ட் தார்ன்டைக், ராபர்ட் உட்வொர்த் ஆகிய இருவரும் அதைச் சோதித்தார்கள். ஒருவகை வடிவங்களின் பரப்பை மதிப்பிடப் பழகியவர்கள், வேறு அளவும் வேறு வடிவமும் கொண்டவற்றை மதிப்பிடும்போது அந்தப் பழக்கத்தின் பயன் பெரிதும் குறைந்துபோனதைக் கண்டார்கள். பழைய வேலைக்கும் புதிய வேலைக்கும் பொதுவான கூறுகள் எவ்வளவு இருக்கின்றனவோ, அவ்வளவே பயிற்சி கடந்துவரும் என்பது அவர்கள் வந்தடைந்த முடிவு.

இன்னொன்றும் சொல்கிறேன். 1980-இல் வெளியான ஓர் ஆய்வில் ஆண்டர்ஸ் எரிக்சனும் வில்லியம் சேஸும் அவர்களுடைய உடனாய்வாளரும் ஒரு கல்லூரி மாணவருக்கு எண்களை நினைவில் வைக்கப் பயிற்சி கொடுத்தார்கள். வாசிக்கப்படும் இலக்கங்களில் தொடக்கத்தில் அவரால் ஏழு இலக்கங்களையே திருப்பிச் சொல்ல முடிந்தது; ஏறத்தாழ 230 மணி நேரப் பயிற்சிக்குப் பிறகு 79 இலக்கங்களைச் சொன்னார். பிறகு எண்களுக்குப் பதிலாக எழுத்துகளைக் கொடுத்தபோது, ஏறக்குறைய ஆறு எழுத்துகளோடு நின்றுவிட்டார். வளர்ந்தது பொதுவான நினைவாற்றல் அல்ல என்பது இதனால் புலப்பட்டது.

எனவே "புரூப் பார்த்ததால் எனக்கு நுணுக்கம் வந்தது, புகார் கேட்டதால் பொறுமை வந்தது" என்று எழுதினால், அந்த அதிகாரி ஐயப்படுவதற்கு நியாயம் இருக்கிறது. ஒரு பக்கத்தில் எழுத்துப் பிழையைக் காணும் கண், ஒரு திரையில் தவறான கணக்கைக் காணும் என்பதற்கு உறுதி ஒன்றும் இல்லை.

பழையஏடு எழுதியது:

ஐயா, ஆய்வைப் பற்றி நீங்கள் சொன்னது சரி. ஆனால் தொழில் வரலாற்றைப் படிப்பவன் என்ற முறையில் ஆங்கில அறிவியலாளர் மைக்கேல் ஃபாரடேயை இங்கே நினைவுகூராமல் இருக்க முடியவில்லை. அவர் 1805-இல், பதினான்கு வயதில், புத்தகம் பைண்டிங் செய்யும் தொழிலில் சேர்ந்து ஏழு ஆண்டுகள் பயின்றார். கட்டுவதற்கு வந்த நூல்களைப் படித்தே அவருக்கு அறிவியலில் நாட்டம் பிறந்தது என்பதைப் பலரும் சொல்வார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது அவருடைய கை. 1812-இல் வேதியியலாளர் ஹம்ஃப்ரி டேவியின் சொற்பொழிவுகளைக் கேட்டுக் குறிப்பெடுத்து, ஏறக்குறைய 300 பக்கங்களாக எழுதி, தானே பைண்டிங் செய்து டேவிக்கு அனுப்பினார். 1813-இல் அவரிடமே உதவியாளராகச் சேர்ந்தார்.

1831 ஆகஸ்ட் 29 அன்று மின்காந்தத் தூண்டலை, அதாவது காந்த விளைவு மாறும்போது கம்பியில் மின்னோட்டம் பிறப்பதை, ஃபாரடே காட்டிய அந்த இரும்பு வளையத்தைப் பாருங்கள். அன்றைக்கு மின்காப்பு உறையிட்ட கம்பி கடையில் கிடைக்கும் பொருளாக இல்லை. ஃபாரடே வெறும் செப்புக் கம்பியைச் சுற்றி, சுற்றுக்குச் சுற்று நூல் கயிற்றையும் அடுக்குக்கு அடுக்கு பருத்தித் துணியையும் வைத்துப் பிரித்தார். கயிற்றை இழுத்துக் கட்டுவதும், துணியை மடிப்பு விழாமல் படியவைப்பதும் பைண்டிங் மேசையில் நாள்தோறும் நடக்கும் வேலை. அந்த ஏழு ஆண்டுகள் இல்லாவிட்டால் வளையம் உருவாகியிருக்காது என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அந்த வளையத்தின் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் பைண்டரின் விரல்கள்தாம் என் கண்ணுக்குத் தெரிகின்றன.

நெதர்லாந்தின் துணி வணிகரான லேவன்ஹூக்கையும் சொல்லலாம். துணியின் இழைகளைச் சோதிக்க உருப்பெருக்கிக் கண்ணாடியைப் பயன்படுத்தும் வணிகத்திலிருந்து வந்தவர், தாமே கண்ணாடி வில்லைகளைத் தேய்த்து உருவாக்கி, 1670-களில் நீர்த்துளிக்குள் நுண்ணுயிர்களைக் கண்டார்.

ஆய்வுப்பார்வை எழுதியது:

பழையஏடு அவர்களுக்கு: வென்றவரிடமிருந்து பின்னோக்கிப் பார்த்தால் எல்லாப் படிகளும் அவரை மேலே ஏற்றவே கட்டப்பட்டவை போலத் தோன்றும். ஃபாரடேயின் காலத்தில் பைண்டிங் பழகிய மற்றவர்கள் ஆய்வகத்துக்கு வரவில்லை. லேவன்ஹூக்கின் ஊரில் இழை எண்ணிய மற்ற வணிகர்கள் நீர்த்துளியைப் பார்க்கவில்லை.

பழையஏடு எழுதியது:

ஒப்புக்கொள்கிறேன், ஐயா. ஆனால் நீங்கள் சொன்ன எண் நினைவு ஆய்வில் ஒரு பாதி விட்டுப்போயிருக்கிறது. அந்த மாணவர் நெடுந்தூர ஓட்டப் பந்தய வீரர். 3, 4, 9, 2 என்று இலக்கங்கள் வாசிக்கப்பட்டால், அதை அவர் ஒரு மைல் ஓட்டத்துக்கான மூன்று நிமிடம் 49.2 நொடி என்று கேட்டார். எழுத்துகளை அப்படிக் கேட்க வழியில்லை. அதனால் ஆறிலேயே நின்றார். எண்களில் 79 வரை போக முடிந்ததற்கு, ஆய்வகத்துக்குத் தொடர்பே இல்லாத ஓட்டப் பந்தய அனுபவம் பெரிய துணையாக இருந்தது. பழைய அனுபவம் கடந்துவரவில்லை என்பதற்கும், கடந்துவந்தது என்பதற்கும் அந்த ஒரே மனிதர் சான்றாக நிற்கிறார் அல்லவா?

ஆய்வுப்பார்வை எழுதியது:

உண்மைதான். அந்தப் பாதியை நான் சொல்லியிருக்க வேண்டும். அதை ஏற்றுக்கொண்டு மேலே செல்கிறேன், ஏனென்றால் கேள்வி கேட்டவருக்குப் பயன்படுவது அங்கேதான் இருக்கிறது.

ஓட்டக்காரரின் நினைவில் பந்தய நேரங்கள் முன்பே இருந்தன. எண் வரிசையைப் பந்தய நேரமாகப் பார்க்கலாம் என்று அவர் நினைத்த பிறகே அவை பயன்பட்டன. இதையே வேறு வகையில் காட்டும் ஆய்வு ஒன்றை மேரி கிக், கீத் ஹோலியோக் ஆகியோர் 1980-களின் தொடக்கத்தில் செய்தார்கள். வயிற்றில் இருக்கும் கட்டியைக் கதிரால் அழிக்க வேண்டும். வலிமையான கதிர் வழியில் உள்ள நல்ல திசுவையும் அழித்துவிடும், வலிமை குறைந்த கதிரோ கட்டியை அழிக்காது. என்ன செய்வது என்பது கேள்வி. தாமாகச் சிந்தித்து விடை கண்டவர்கள் பத்தில் ஒருவர் அளவே. பலவீனமான பல கதிர்களைப் பல திசைகளிலிருந்து செலுத்திக் கட்டியில் சேர்ப்பதே விடை. ஒரு படைத்தலைவர் தன் படையைச் சிறு சிறு பிரிவுகளாகப் பல சாலைகளில் அனுப்பிக் கோட்டையில் ஒன்றுசேர்த்த கதையை முன்கூட்டியே படித்தவர்களில்கூடப் பத்தில் மூவர் அளவுக்கே விடை தானாகத் தோன்றியது. "முன்பு படித்த கதையை எண்ணிப் பாருங்கள்" என்று ஒரு வார்த்தை சொன்னதும் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கினர் விடையைச் சொன்னார்கள்.

கதை எல்லோருடைய தலைக்குள்ளும் இருந்தது. இரண்டையும் இணைத்துப் பார்க்கச் சொன்ன அந்த ஒரு வார்த்தைதான் குறைவாக இருந்தது. நெடுவரி அவர்களுக்கும் நேர்முகத்தில் அதுவே நேர்ந்தது என்று நினைக்கிறேன். ஆகவே என் முதல் பதிலைத் திருத்திச் சொல்கிறேன். "நுணுக்கம்", "பொறுமை" போன்ற பண்புப் பெயர்களை விட்டுவிட்டு, புரூப் பார்க்கும்போது உங்கள் கண்ணும் கையும் எந்த வரிசையில் என்ன செய்தன என்பதை ஒரு தாளில் எழுதுங்கள். அந்த வரிசையில் எது மென்பொருள் சோதனையில் அப்படியே இருக்கிறது என்று பிறகு தேடுங்கள்.

தாழ்குரல் எழுதியது:

நெடுவரி அக்கா, நானும் உங்களைப் போலப் புகார்த் தொலைபேசியில் இருந்தவள். ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகு உளநல ஆலோசகராகப் பயின்று இப்போது அந்தப் பணியில் இருக்கிறேன். இரண்டுமே கேட்கும் தொழில்கள் என்பதால் எனக்கு எளிதாக இருக்கும் என்று எல்லோரும் சொன்னார்கள். நடந்தது வேறு.

புகார் மையத்தில் ஒவ்வோர் அழைப்பும் எத்தனை நிமிடத்தில் முடிகிறது என்பது கணக்கில் ஏறும். மறுமுனையில் இருப்பவர் பேச்சை நிறுத்தினால் உடனே அடுத்த கேள்வியைக் கேட்டுவிட வேண்டும் என்று எங்களைப் பழக்கியிருந்தார்கள். ஆலோசனைப் பயிற்சியில் என்னுடைய ஒலிப்பதிவு ஒன்றை வழிகாட்டி போட்டுக் காட்டினார். ஒரு பெண் தன் தாயின் மறைவைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தவர் பாதியில் நிறுத்துகிறார். இரண்டு நொடிகூட ஆகவில்லை, "அதற்குப் பிறகு என்ன நடந்தது?" என்று என் குரல் கேட்கிறது. அவர் சொல்ல வந்தது அந்த மௌனத்துக்குள்தான் இருந்தது. என் கேள்விக்குப் பதிலாகத் தேதிகளையும் ஏற்பாடுகளையும் சொல்லத் தொடங்கிவிட்டார். அந்த ஒலிப்பதிவைக் கேட்ட நாள் எனக்கு மிகவும் வலித்தது. மௌனத்தைத் தாங்கிக்கொள்ளப் பழக எனக்கு ஓராண்டுக்கு மேல் ஆயிற்று. தொலைபேசி வேலையே செய்யாத என் சக மாணவி அதைச் சில வாரங்களில் கற்றுக்கொண்டார்.

பழைய வேலை உதவும் பழக்கத்தையும் தடுக்கும் பழக்கத்தையும் ஒரே மூட்டையில் கட்டித் தருகிறது. எது எது என்று பிரித்துப் பார்க்காமல் அதைச் சுமந்து செல்லக்கூடாது. அதே தொலைபேசி வேலைதான், அழுகையைக் கேட்டுப் பதறாமல் இருக்கவும் எனக்குக் கற்றுக்கொடுத்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இரவுக்காவல் எழுதியது:

எனக்குச் சொல்ல ஒரு சிறு செய்திதான் இருக்கிறது. ஒன்பது ஆண்டுகள் ஒரு தொழிற்சாலையில் இரவுக் காவலராக இருந்தேன். இப்போது ஒரு தரவு மையத்தில் சர்வர்களைக் கண்காணிக்கும் பணியில் இருக்கிறேன். காவல் பணியில் ஒவ்வொரு மணிக்கும் சுற்றிவந்து, எதுவும் நடக்கவில்லை என்றாலும் "2 மணி, வடக்கு வாயில், மாற்றம் இல்லை" என்று குறிப்பேட்டில் எழுத வேண்டும். ஒன்றும் நடக்காததை ஏன் எழுத வேண்டும் என்று புதியவர்கள் கேட்பார்கள். மூன்று மணிச் சுற்றில் ஒரு பூட்டு உடைந்திருப்பதைக் காணும்போது, இரண்டு மணிக்கு அது சரியாக இருந்தது என்று எழுதியிருந்தால்தான் அது எந்த நேரத்துக்குள் நடந்தது என்று சொல்ல முடியும். சர்வர் பழுதாகும்போதும் நாங்கள் முதலில் தேடுவது, கடைசியாக எப்போது அது நலமாக இருந்தது என்ற பதிவைத்தான்.

ஒரு வருத்தத்தையும் பதிவு செய்கிறேன். எனக்கு இந்த வேலை கிடைக்காமலே போயிருந்தாலும் அந்த ஒன்பது ஆண்டுக் காவல் நல்ல வேலையாகத்தான் இருந்திருக்கும். அடுத்த தொழிலுக்குப் படியாக அமைந்தால்தான் முந்தைய உழைப்புக்கு மதிப்பு என்பதுபோல் பேசும்போது, இன்றும் அங்கே குறிப்பேடு எழுதிக்கொண்டிருக்கும் என் நண்பர்களை நினைத்துக்கொள்கிறேன்.

களஞ்சியம் எழுதியது:

இரவுக்காவல் ஐயா சொன்ன கடைசிப் பகுதிக்கு நன்றி. எனக்கு எண்ணக் கற்றுக்கொடுத்தவர் இன்னும் அந்தக் கிடங்கில்தான் இருக்கிறார்.

நெடுவரி எழுதியது:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. ஆய்வுப்பார்வை ஐயா சொன்னபடி தாளை எடுத்து உட்கார்ந்தேன். மூன்று மாலைப்பொழுதுகள் ஆயின. எழுதியதில் முக்கியமானதை இங்கே வைக்கிறேன்.

புரூப்பில் முதல் வாசிப்பு பொருளுக்கானது, இரண்டாம் வாசிப்பு எழுத்துக்கானது. இரண்டாம் வாசிப்பில் நான் பக்கத்தின் கடைசி வரியிலிருந்து மேல்நோக்கிப் போவேன். வாக்கியம் புரியத் தொடங்கினால் கண் எழுத்தைப் பார்ப்பதை நிறுத்திவிடும். துணைக்கால் ("ா") போட வேண்டிய இடத்தில் "ர" விழுந்திருந்தால் மனமே அதைக் காலாக்கிக்கொள்ளும். களஞ்சியம் அவர்கள் சொன்ன நாற்பது பெட்டிக் கதையைப் படித்தபோது எனக்கு இதுதான் நினைவுக்கு வந்தது.

ஆனால் மென்பொருள் சோதனைக்கு அப்படியே பொருந்துவது வேறொன்று. திருத்தம் போட்ட புரூப் திரும்பி வரும்போது, புதிதாக வந்தவர்கள் திருத்திய சொல்லை மட்டும் சரிபார்த்துவிட்டு அனுப்பிவிடுவார்கள். எங்கள் மூத்தவர் அதை ஒருபோதும் அனுமதிக்கமாட்டார். ஒரு சொல்லைத் திருத்தினால் வரி நீள்கிறது. கடைசிச் சொல் அடுத்த வரிக்குத் தள்ளப்படுகிறது. பத்தி முடியும்வரை எல்லா வரிகளும் நகர்கின்றன. சில நேரம் பத்தியின் கடைசி வரி அடுத்த பக்கத்துக்கே போய்விடுகிறது. அப்போது பொருளடக்கத்தில் இருக்கும் பக்க எண் பொய்யாகிவிடும். ஆகவே திருத்திய இடத்திலிருந்து பத்தி முடியும்வரை படித்து, பக்கத்தின் கடைசி வரியைப் பழைய புரூப்போடு ஒப்பிட்டு, அது மாறியிருந்தால் பொருளடக்கம் வரை போய்ப் பார்க்க வேண்டும். ஒரு பிழையைச் சரிசெய்த பிறகு, முன்பு சரியாக இருந்தவை இன்னும் சரியாக இருக்கின்றனவா என்று பார்ப்பதைப் பயிற்சி வகுப்பில் ரெக்ரெஷன் டெஸ்டிங் என்று சொல்லிக்கொடுத்தார்கள். தேர்வில் அதற்கு விளக்கமும் எழுதினேன். நான்கு ஆண்டுகள் அதையே செய்திருக்கிறேன் என்பது மட்டும் எனக்குத் தோன்றவே இல்லை.

புகார் வேலையிலிருந்து ஒன்றை எடுத்தேன், ஒன்றை விட்டேன். அழைப்பவர்கள் தங்களுக்கு வலித்ததை முதலில் சொல்வார்கள். முதலில் நடந்ததை முதலில் சொல்லமாட்டார்கள். "பணம் போய்விட்டது" என்பதிலிருந்து தொடங்கி, "அதற்கு முன்பு எந்தப் பொத்தானை அழுத்தினீர்கள், அதற்கும் முன்பு?" என்று பின்னோக்கிப் போய், அதே பழுது மறுபடி நிகழும்படியான படிகளை எழுதிக்கொள்வேன். அது எனக்கு வேண்டும். விட்டது, தாழ்குரல் தங்கை சொன்ன அந்த அவசரம். அழைப்பை முடித்தாக வேண்டும் என்ற பழக்கம் என்னிடமும் இருக்கிறது. சோதனை செய்யும்போது முதல் விளக்கம் கிடைத்ததும் தேடுவதை நிறுத்திவிடுகிறேன் என்பதை இந்த வாரம் கவனித்தேன்.

விண்ணப்பத்திலிருந்து "நுணுக்கமான பார்வை, பொறுமை, குழுவாகப் பணியாற்றும் திறன்" என்ற வரியை நீக்கிவிட்டு, பக்க எண் பற்றிய பகுதியை நான்கு வாக்கியங்களாக எழுதியிருக்கிறேன். வேறொரு நிறுவனத்தில் நேற்று நேர்முகம் நடந்தது. கேட்டவர் அந்த நான்கு வாக்கியங்களைப் படித்துவிட்டு, ஒரு படிவத்தில் பெயர்ப் பெட்டியின் நீளத்தை மாற்றினால் வேறு எதையெல்லாம் பார்ப்பீர்கள் என்று கேட்டார். அச்சிடும்போது அந்தப் பெயர் எங்கெங்கே வருகிறது என்பதிலிருந்து தொடங்கினேன். முடிவு இன்னும் தெரியவில்லை.

ஆய்வுப்பார்வை எழுதியது:

மிக்க மகிழ்ச்சி, அம்மா. ஒரே ஒரு கேள்வி. பழைய வேலைகளிலிருந்து சிறிதும் கிடைக்காதது எது என்றும் தாளில் எழுதினீர்களா?

நெடுவரி எழுதியது:

எழுதினேன், ஐயா. நிரல் எழுதுவது அச்சகத்திலிருந்தும் வராது, தொலைபேசியிலிருந்தும் வராது. சோதனைகளைத் தானாக ஓடவைக்க அது வேண்டும் என்று நேற்றுக் கேட்டவரும் சொன்னார். அதற்காக நாள்தோறும் ஒரு மணி நேரம் ஒதுக்கி, முதல் பாடத்திலிருந்து படித்துக்கொண்டிருக்கிறேன். இப்போது, ஒரே கட்டளையைத் திரும்பத் திரும்ப ஓடவைக்கும் லூப் வரை வந்திருக்கிறேன்.